ஒன்பதாம் பக்கத்தில் ஒட்டிய இலை

1

இன்று எங்கள் நகராட்சிக்குப் பிறந்தநாள். பிரேசிலில் எவ்வளவு சின்ன நகராட்சியாக இருந்தாலும், அது பக்கத்து ஊரின் ஆளுகையிலிருந்து பிரிந்து தனியாக நின்ற நாளைக் கொண்டாடுவார்கள். அலுவலகங்கள் மூடியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்கள். காலை எட்டேகாலுக்கு ஊர்வலம் எங்கள் சன்னலைக் கடந்தது. என் மகள் லூசியா மூன்றாவது வரிசையில், கொக்கோ காய் வடிவில் தைத்த மஞ்சள் தொப்பியோடு போனாள். நான் கையசைத்தேன். இன்னொரு கையில் கைப்பேசி இருந்தது. நேற்று இரவு மலேசியாவில் கோலா பிலாவிலிருந்து அண்ணன் அனுப்பிய படத்தை நான் இன்னும் மூடவில்லை. ஒரு ரப்பர் இலை. மேல்பக்கம் மட்டும்.

கோலா பிலா இருக்கும் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு, குறிப்பாக ரப்பர் மரம் வைத்திருப்பவர்களுக்கு, நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவள் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்த ஊரின் பெயரை எழுதவில்லை.

இது பஹியா மாநிலத்தின் தெற்கில், கடலிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம் உள்ளே இருக்கிறது. மேற்கே மாடு மேயும் வறண்ட புல்வெளி. கிழக்கே மழை விடாத மலைக்காடு. இரண்டுக்கும் நடுவே, மண்ணின் நிறத்திலேயே ஓடும் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் தலைமை ஊர்; மலையில் இரண்டு சிற்றூர்கள். தலைமை ஊரில் ஒரு மாதா கோயில், ஒரு சதுக்கம், நகராட்சிக் கட்டடம், இரண்டு மருந்துக்கடை, சனிக்கிழமைச் சந்தை. என் கணவர் ஜோசப் ரப்பர்க் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டும் வேலையில் வல்லவர் என்பதால், பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு நாற்றங்காலுக்கு அழைத்தார்கள். அந்த நாற்றங்கால் இருக்கும் மேட்டை இரண்டு நகராட்சிகள் தங்களுடையது என்கின்றன. அதனால் வந்த முதல் ஆண்டு, குடியிருப்புச் சான்றுக்காக நான் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐந்து முறையும் அந்தப் பக்கம் நான்கு முறையும் போனேன். இரண்டு அலுவலகத்திலும் காப்பி கொடுத்து மிக மரியாதையாக மற்ற அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

2

இந்த மலைகளில் முதலில் இருந்தவர்கள் பழங்குடிகள். நகராட்சி வெளியிட்ட வரலாற்றுப் புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு பத்தி உண்டு. அவர்கள் எங்கே போனார்கள் என்பது அதில் இல்லை. பிறகு கொக்கோ வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மலையை எடுத்துக்கொண்டார்கள்; துப்பாக்கி இல்லாதவர்கள் அதில் காய் பறித்தார்கள். சதுக்கத்தைச் சுற்றியுள்ள பெரிய வீடுகள் எல்லாம் கொக்கோ கட்டியவை. தோட்டங்களில் விதை உலர்த்தும் மரமேடைகள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் கூரைக்குச் சக்கரம் உண்டு. வெயிலில் கூரையைத் தள்ளித் திறப்பார்கள், மழை வந்தால் இழுத்து மூடுவார்கள். இப்போது சக்கரங்கள் துருப்பிடித்து, கூரைகள் பாதி வழியில் நிற்கின்றன.

காரணம் ஒரு நோய். கொக்கோக் கிளையின் நுனி வீங்கி, துடைப்பம்போலக் கொத்தாக முளைத்துக் காய்ந்துவிடும். இங்கே அதைச் சூனியக்காரியின் துடைப்பம் என்கிறார்கள். அது அமேசான் பக்கத்து நோய். இந்த மலைக்கும் அதற்கும் நடுவே நோய் தானாகக் கடக்க முடியாத வறண்ட நிலம் இருந்தது. ஆனாலும் வந்தது. சில ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது.

பக்கத்து வீட்டுச் சேவு நிவால்டோ அப்போது இருபது வயதுக் கூலிக்காரர். சேவு என்பது இங்கே ஐயா என்பதுபோல; என்னை அவர் தோனா, அதாவது அம்மா, என்பார். முதல் ஆண்டில் ஒருநாள் வேலியருகே நின்று அவரிடம் கேட்டேன்.

"காத்துல வந்திருக்குமா?"

"காத்துக்குக் கயிறு கட்டத் தெரியுமா, தோனா ரீத்தா?" என்றார். நோய்பிடித்த கிளையை யாரோ நல்ல மரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்ததாக அந்தக் காலத்தில் பேச்சு.

"யார் கட்டினாங்க?"

அவர் சதுக்கத்துப் பக்கம் பார்த்தார். "நாலு பேர் சொல்றாங்க. நாலு பேரும் வேற வேற ஆளைச் சொல்றாங்க. மாதா கோயில்ல வலது பக்கம் உக்காருற குடும்பத்துக்கும் இடது பக்கம் உக்காருற குடும்பத்துக்கும் இன்னிக்கு வரைக்கும் பேச்சு கிடையாது. நானே ஒருத்தர் கல்யாணத்துக்குப் போகல. அந்த ஆள் செய்யாமக்கூட இருந்திருக்கலாம்."

கொக்கோ போன சரிவுகளில் சிலர் ரப்பர் வைத்தார்கள். ரப்பரின் பிறந்த நாடு பிரேசில்தான். ஆனால் இங்கே ரப்பருக்கும் ஒரு பிறவிப் பகை உண்டு, தென்னமெரிக்க இலைக்கருகல். இளம் இலையைத் தாக்கும் பூஞ்சை. நம் பக்கத்துக்கு அது இதுவரை வந்ததில்லை. நம் தோட்டங்களில் மரங்கள் அடர்ந்து வரிசையாக நிற்பதே அது அங்கே இல்லாததால்தான். நாற்றங்காலில் என் வேலை அந்த நோயைக் கணக்கெடுப்பது. ஒவ்வொரு கன்றின் இளம் இலையையும் திருப்பிப் பார்த்து, பூஜ்யத்திலிருந்து நான்குவரை மதிப்பெண் போட வேண்டும். பதினோரு ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன்.

3

கடந்த ஆண்டு இதே நாளுக்காகப் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆல்பம் செய்தது. தலைப்பு, 'நம் நகராட்சியின் வரலாறும் புவியியலும்'. லூசியாவுக்கு அப்போது பதினொரு வயது. முதல் பரிசு வாங்கினாள். டிசம்பரில் விடுமுறை விட்டதும், கோலா பிலா மாமாவுக்குக் கொடுக்க இன்னொரு பிரதி செய்தாள். தானே வண்ணத்தாளில் சுற்றினாள். பிரிக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

பயணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட கவனத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நாற்றங்கால் செருப்பையும் உடுப்பையும் கொண்டுவரவில்லை. மற்ற காலணிகளை மருந்து கலந்த நீரில் கழுவினேன். வழியில் குளிர்நாட்டு நகரம் ஒன்றில் மூன்று நாள் தங்கினோம். மேலே ஒட்டியிருக்கும் நோய்வித்து சாகட்டும் என்று எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லும் அறிவுரை அது. விமான நிலையத்தில் 'செடி, இலை, விதை' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி கடைசி வாரம். அண்ணனின் ஐந்து ஏக்கரில் மரங்கள் இலை கொட்டிக்கொண்டிருந்தன. எஸ்டேட்டை எண்ணெய்ச் செம்பனைக்கு மாற்றியபோது வேலை போய், அதன் பிறகு அண்ணன் சவரி வைத்த மரங்கள் அவை. மூன்றாம் நாள் காலை லூசியா பரிசைக் கொடுத்தாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்து வரைபடத்தைப் பார்த்தார்.

"என்னா குட்டி, ஒரு மாதா கோயிலு, ஒரு பாசாரு, ஒரு ஆறு. தம்பின் டவுன்கூட இதவிடப் பெருசுலா."

"எங்க ஊருல ட்ராஃபிக் லைட் இல்ல மாமா. ஒண்ணு வெச்சாங்க. மாடு இடிச்சு விழுந்துருச்சு."

"மாடா! அப்ப நம்ம ஊருதான்லா அது. பயப்படாம இரு."

"ஏழாம் பக்கத்துல துடைப்பம் இருக்கு மாமா. மரத்துக்கு வர நோய். யாரோ கொண்டுவந்து வெச்சாங்க."

"எவன்?"

"தெரியல. அதான் எல்லாரும் எல்லாரையும் பாக்கறாங்க."

நான் நான்காம் பக்கம்வரை கூட இருந்தேன். பிறகு அண்ணியோடு காரில் பிலா பாசாருக்குப் போனேன். மீன், கங்கோங் கீரை, ஒரு சீப்பு வாழைப்பழம். திரும்பி வந்தபோது மணி பதினொன்று பத்து. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஆல்பம் திறந்து கிடந்தது. ஒன்பதாம் பக்கம். 'நம் செல்வம்' என்று போர்த்துகீசிய மொழியில் தலைப்பு. இடது பக்கம் காய்ந்த கொக்கோ இலை ஒன்று ஒட்டியிருந்தது. வலது பக்கம் பசை காய்ந்த தடமும் கிழிந்த தாளும் மட்டும். அதன் கீழே நீல மையில் 'ரப்பர் மரம்'.

பையைக் கீழே வைத்தேனா போட்டேனா தெரியவில்லை. தோட்டத்துக்கு ஓடினேன். இருவரும் மரங்களுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடி அந்த எலை?"

"மாமா மரத்தோட வெச்சுப் பாத்தோம்மா. சேமா இருக்கா இல்லியான்னு."

"சேம்தான்லா," என்றார் அண்ணன். "ஆனா அதுல புள்ளிங்க வட்டவட்டமா அழகா இருந்துச்சு. தொட்டா சொரசொரன்னு."

"புள்ளிக்காகத்தான் அதப் பொறுக்கினேன். நட்சத்திரம் மாதிரி," என்றாள் லூசியா.

"இப்ப எங்க?"

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "காத்து வந்துச்சும்மா."

காலுக்குக் கீழே ஐந்து ஏக்கருக்கும் காய்ந்த ரப்பர் இலை. கணுக்கால் உயரத்துக்கு.

4

இளம் இலையில் நோய் வந்தால் அடிப்பக்கம் பச்சையும் சாம்பலும் கலந்த தூள், வெல்வெட் துணிபோல இருக்கும். தப்பிப் பிழைத்து முற்றிய இலையில், மேல்பக்கம் கறுப்புப் புள்ளிகள் வட்டமாக எழும்பி நிற்கும், தடவினால் மணல்தாள். அந்தப் புள்ளிகளுக்குள்தான் பூஞ்சையின் வித்து இருக்கும். என் மகள் அழகு என்று நினைத்தது அதைத்தான்.

நாற்றங்காலில் செய்வதுபோலக் கயிறு கட்டிச் சதுரம் பிரித்தேன். அவர்கள் நின்ற மரத்திலிருந்து நான்கு பக்கமும். ஒவ்வொரு சதுரத்திலும் முழங்கால் போட்டு, இலை இலையாக எடுத்து விரலால் தடவினேன். அன்று மாலைவரை பதினாறு சதுரம். மறுநாள் முப்பத்தொன்று. அண்ணியும் லூசியாவும் கூடவே தேடினார்கள். மரத்திலிருந்து புதிய இலைகள் எங்கள்மேல் விழுந்துகொண்டே இருந்தன.

"பாப்பா, நேத்து தேடுன எடத்துல இன்னிக்கு வேற எலை கெடக்கு," என்றார் அண்ணி என்னிடம். "எது தேடுனது, எது தேடாதது?"

மூன்றாம் நாள் முடிந்தவரை வாரிக் குவித்துக் கொளுத்தினோம். அடுத்த தோட்டத்து மலாய்ப் பெரியவர் பாக் சிக் ரஷீத் மோட்டர் சைக்கிளை நிறுத்தி, "பாக்கார் அப்பா?" என்று கேட்டார். என்ன எரிக்கிறாய் என்று.

"சம்பா சாஜா," என்றார் அண்ணன். வெறும் குப்பை.

ரஷீத் தலையாட்டிவிட்டுப் போனார். அவருடையதும் ரப்பர்தான். அவருக்கு அடுத்ததும்.

அன்று மத்தியானச் சாப்பாட்டில் நான் பேச்சை எடுத்தேன்.

"விவசாய ஆபிஸ்ல சொல்லிரணும்ணே."

"சொன்னா?"

"வந்து பாப்பாங்க."

"பாத்து?"

நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன்.

"வெட்டுவான்," என்றார். "மருந்து ஊத்தி வேரோட கொல்லுவான். ஆறு வருஷம் புள்ள மாதிரி வளத்தேன் பாப்பா. பால் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷந்தான் ஆவுது. எஸ்டேட்டுல எவ்வளவோ மரத்துல பால் வெட்டினேன், ஒண்ணுகூட என்னுது இல்ல. இது என்னுதுலா."

"எல்லாத்துக்கும் பரவினா?"

"சூட்டுல, காஞ்ச எலையில, ஒரு மாசத்துக்கு மேல பெரும்பாலும் செத்துரும்னு நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். லூசியா அழுதபோது அவளைத் தேற்றச் சொன்னது. பெரும்பாலும் என்ற சொல்லை நான் வேலையில் ஒருநாளும் எழுதியதில்லை. அறிக்கையில் எழுதினால் மேலாளர் அடித்துவிடுவார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிப்ரவரி நான்காம் தேதி விமானம் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை.

5

பிப்ரவரி கடைசியில் அண்ணனின் மரங்கள் துளிர்த்தன. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தேன். இங்கே அப்போது இரவு எட்டு, சாப்பாட்டு நேரம். செம்பு நிறத்தில் தொங்கும் குருத்துகள் வந்தன. பிறகு வெளிர்பச்சை. நான் தட்டை ஒதுக்கிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்வேன். ஜோசப் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

மார்ச் இரண்டாம் வாரம் ஒரு படத்தில் புள்ளிகள் இருந்தன. கூடவே குரல் பதிவு: "பயப்படாத. பிலாவுல எல்லாத் தோட்டத்துலயும் இருக்கு. பழைய நோய்தான்."

அது உண்மையாக இருக்கலாம். சில ஆண்டுகளாகவே மலேசியாவில் வேறொரு பூஞ்சை ரப்பர் இலையைப் புள்ளியாக்கிக் கொட்ட வைக்கிறது. மேலிருந்து பார்த்தால், அதுவும் படத்தில் பார்த்தால், பிரித்துச் சொல்ல முடியாது. அடிப்பக்கத்தைப் பார்த்தால் எனக்கு ஒரு நொடி போதும்.

"அடிப்பக்கம் படம் எடுத்து அனுப்புண்ணே" என்று எழுதினேன்.

மறுநாள் வந்தது மேல்பக்கம். தெளிவான படம். மறுபடி எழுதினேன். மறுபடி மேல்பக்கம். கேமரா சரியில்லை என்றார். மழை என்றார். அண்ணிக்குக் காய்ச்சல் என்றார். நான் கேட்ட பிறகு இதுவரை பதினொரு படம். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் தேதியும் போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்றும் மேல்பக்கம்.

என் அண்ணன் முப்பத்தைந்து ஆண்டு பால் வெட்டியவர். ஓர் இலையைத் திருப்பத் தெரியாதவர் இல்லை.

6

இன்று ஊர்வலம் முடிந்ததும் சதுக்கத்துக்குப் போனேன். நகராட்சித் தலைவர் பேசினார். கேக் வெட்டினார்கள். மாதா கோயிலின் வலது பக்கத்துக் குடும்பம் ஒரு மர நிழலிலும், இடது பக்கத்துக் குடும்பம் இன்னொரு மர நிழலிலும் உட்கார்ந்திருந்தது. குழந்தைகள்கூட நடுவில் இருந்த நீரூற்றைத் தாண்டி அந்தப் பக்கம் விளையாடப் போகவில்லை. கிளையைக் கட்டியவர் எப்போதோ செத்திருக்கலாம். ஒருவேளை அப்படி ஒருவர் இல்லாமலேகூட இருக்கலாம். யாரும் வாய் திறக்காததால் ஊர் முழுவதும் சந்தேகத்தில் நிற்கிறது.

பாக் சிக் ரஷீதை நினைத்துக்கொண்டேன். மோட்டர் சைக்கிளை நிறுத்தி எங்கள் புகையைப் பார்த்துவிட்டுப் போனவர். அவருடைய மரம் போனால் அவர் யாரைப் பார்ப்பார்? அவருக்கு அடுத்த தோட்டக்காரர்?

வீட்டுக்கு வந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே இரவு ஒன்பது. டிவி சத்தம் கேட்டது. அவர் அதை அணைத்தார்.

"அண்ணே, நான் ஆபிஸுக்கு எழுதப் போறேன்."

"ம்."

"லாட் நம்பர் குடுத்துத்தான் எழுதணும்."

"நீ அங்க உக்காந்துகிட்டு எழுதிருவ பாப்பா. நான் இங்கதான்லா இருக்கணும். ரஷீத் மூஞ்சில முழிக்கணும்."

"அதுக்குத்தாண்ணே எழுதறேன். இப்பயே சொன்னா அவர் மரமாச்சும் தப்பும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஒரு தடவ திருப்பிப் பாத்துச் சொல்லுண்ணே. எதுவும் இல்லன்னா எழுதமாட்டேன்."

"மொத நாளே திருப்பிப் பாத்துட்டேன்," என்றார் அண்ணன்.

அண்ணி பின்னால் ஏதோ கேட்டது காதில் விழுந்தது. "ஒண்ணுமில்ல, பாப்பாதான்," என்றார்.

மதியம் ஒன்றரைக்குக் கடிதத்தை அனுப்பினேன். முழுப் பெயர், பிரேசிலில் செய்யும் வேலை, விமான நிலையத்தில் 'இல்லை' என்று எழுதியது, இலை தொலைந்த மரத்தின் வரிசை, பதினொரு படம். பொய்ச் சான்று கொடுத்தவள் நான், என் அண்ணன் அல்ல என்பதைத் தனிப் பத்தியாக எழுதினேன். பிலாவிலும் ரெம்பாவிலும் ஜெலெபுவிலும் ரப்பர் வைத்திருப்பவர்களே, உங்கள் இளம் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். தூள் தெரிந்தால் இலையைப் பறித்துக்கொண்டு யாரிடமும் காட்டப் போகாதீர்கள். அங்கேயே விட்டுவிட்டு அதிகாரிகளைக் கூப்பிடுங்கள்.

7

இரண்டு நாள் கழித்து இதைச் சேர்க்கிறேன். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. வர நாளாகும் என்று எனக்கே தெரியும். மாதிரியை எடுத்து, வளர்த்து, பார்க்க வேண்டும்.

நேற்று இரவு எட்டு மணிக்கு அண்ணன் இலைப் படம் அனுப்பவில்லை. குரல் பதிவு ஒன்று அனுப்பினார். மெதுவாகப் பேசினார், பக்கத்தில் ஆட்கள் இருப்பதுபோல.

"மூணு பேரு வந்திருக்காங்க பாப்பா. மேல இருந்து கீழ வரைக்கும் வெள்ள உடுப்பு. வேலியச் சுத்தி மஞ்ச ரிப்பன் கட்டறாங்க. ரஷீத் ரோட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு. நான் போய்ச் சொல்லிட்டேன். என்னா சொன்னாருன்னு கேக்காத. ஒண்ணு மட்டும். குட்டிகிட்ட எதுவும் சொல்லாதலா. மாமா மரம் நல்லாருக்குன்னு சொல்லு."

லூசியா பக்கத்து அறையில் இருந்தாள். பள்ளி வேலைக்காக நகராட்சியின் வரைபடத்தை மறுபடி வரைந்துகொண்டிருந்தாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். மரமெல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

இன்று மேசைக்கு வந்து இதை எழுதி முடித்தேன். அவள் எழுந்து வந்து என் தோளில் சாய்ந்து, தாளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நேற்றுவரை அது எனக்கு வருத்தமாக இருந்தது.